வரிச்சுமை: இந்தியாவில் யார் தலையில் எவ்வளவு?

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் நெருங்கும்போது மாதச் சம்பளக்காரர்களிடம் ஒரு கோபம் எழுகிறது. நாட்டில் இரண்டு சதவீதம் பேர்தான் வரி கட்டுகிறோம், மற்ற எல்லாருக்கும் சேர்த்து நாங்களே சுமக்கிறோம் என்பது அதன் சாரம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண் பொய்யல்ல. 2022-23ஆம் நிதியாண்டில் சுமார் 7.40 கோடிப் பேர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 5.16 கோடிப் பேருக்குச் செலுத்த வேண்டிய வரி பூஜ்யம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. மிஞ்சுவது 2.24 கோடி. நாட்டின் 140 கோடி மக்களோடு ஒப்பிட்டால் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

எண் சரி. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. 140 கோடியில் பால்குடிக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் அடக்கம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வருமான வரி என்பது இந்திய அரசுகள் வசூலிக்கும் பல வரிகளில் ஒன்றே ஒன்று என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. 2024-25இல் தனிநபர்களும் கூட்டாண்மை நிறுவனங்கள் போன்றவையும் செலுத்திய நிகர வருமான வரி சுமார் 11.8 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டில் ஜிஎஸ்டியின் மொத்த வசூல் 22.08 லட்சம் கோடி. இதன்மேல் பெட்ரோல், டீசல் மீதான மத்திய கலால் வரி, மாநிலங்களின் மதிப்புக்கூட்டு வரி, மது வரி, சுங்க வரி எல்லாம் இருக்கின்றன. மத்திய, மாநில அரசுகளின் வரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட பணம் மறைமுக வரிகளிலிருந்து வருகிறது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் உறுப்பு நாடுகளில் பொருள்கள், சேவைகள் மீதான வரியின் பங்கு சராசரியாக மூன்றில் ஒன்றுதான்.

சோப்பு வாங்குபவர் எல்லாரும் வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கு யாரும் வரி பிடித்ததற்கான சான்றாகப் படிவம் 16 தருவதில்லை, அவ்வளவுதான்.

யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதைக் கருவூலத்துக்கு யார் அதிகப் பணம் அனுப்பினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பணக்காரர் அனுப்பும் தொகை எப்போதும் பெரியதாகத்தான் இருக்கும். ஒருவருடைய வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போகிறது என்பதே சரியான கேள்வி. வருமானம் கூடக் கூட அந்தச் சதவீதம் கூடினால் அது வளர்வீத வரி. குறைந்துகொண்டே போனால் தேய்வுவீத வரி. இந்தியாவில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால்தான் ஏழை, நடுத்தர வர்க்கம், பணக்காரர் என மூன்று தரப்பும் தங்களுக்கே அநீதி நடப்பதாக நம்ப முடிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஒரு சிறுநகரத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பம், மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் அரிசி இலவசம். காய்கறிக்கும் பாலுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. வீட்டு வாடகைக்கும் இல்லை. ஆனால் வேலைக்குப் போக இருசக்கர வாகனம் வேண்டும், மாதம் பத்து லிட்டர் பெட்ரோல். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி ஒரு லிட்டரில் மத்திய கலால் வரி சுமார் 22 ரூபாய். தமிழ்நாட்டின் மதிப்புக்கூட்டு வரி ஏறத்தாழ அதே அளவு. ஆக, பெட்ரோலில் மட்டும் 400 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. இரண்டு கைப்பேசிகளுக்கு ரீசார்ஜ் 600 ரூபாய் என்றால் அதில் 18 சதவீத வரியாக 90 ரூபாய். சமையல் எரிவாயுவில் 5 சதவீதம். எண்ணெய், பிஸ்கட், பற்பசை, துணி சோப்பு, செருப்பு, மருந்து எனச் சில நூறு ரூபாய். மொத்தம் மாதத்துக்கு 900 ரூபாயைத் தொடும். வருமானத்தில் ஐந்து சதவீதம்.

வரி விலக்குப் பெற்ற பொருளிலும் வரி ஒளிந்திருக்கிறது. கத்தரிக்காய்க்கு வரி இல்லை. அதற்குப் போட்ட உரத்துக்கு 5 சதவீதம் உண்டு, அதை ஏற்றி வந்த லாரியின் டீசலுக்குக் கலால் வரி உண்டு. விலக்குப் பெற்ற பொருளை விற்பவர் தான் ஏற்கெனவே செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. அதை விலையில்தான் ஏற்ற வேண்டும். எனவே அந்த ஐந்து சதவீதம் குறைத்து மதிப்பிட்ட கணக்கு.

இப்போது ஆண்டுக்கு 12 லட்சம், அதாவது மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவரை எடுத்துக்கொள்வோம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வரிமுறையில் அவர் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். நிரந்தரக் கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி இல்லை. அவருடைய மறைமுக வரி தொகையில் பெரிது. ஆனால் அவர் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்கிறார். சேமித்த பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆகவே சதவீதத்தில் பார்த்தால் 18,000 ரூபாய்க் குடும்பத்தின் அருகிலேயே அவரும் நிற்கிறார். ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம் வாங்குபவர்கூட மேல்வரியையும் (செஸ்) சேர்த்து 97,500 ரூபாய்தான் வருமான வரி செலுத்துகிறார். அது ஆறரை சதவீதம். மாதம் 18,000 முதல் ஒரு லட்சம் வரை வருமானம் ஐந்து மடங்குக்கு மேல் உயர்கிறது. வரிச்சுமையின் விகிதமோ ஏறத்தாழ அசையவே இல்லை.

மேலே சொன்ன குடும்பத்தில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்த வீட்டில் ஒருவர் குடிக்கிறார் என்றால் கணக்கு தலைகீழாக மாறிவிடும். மாதம் இருபது நாள், குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்தால் 3,000 ரூபாய். டாஸ்மாக்கில் விற்கும் மதுவின் விலையில் பாதிக்கும் மேல் வரி. குடும்பத்தின் மொத்த வரி மாதம் 2,400 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. வருமானத்தில் 13 சதவீதத்துக்கு மேல். ஆண்டுக்கு 25 லட்சம் சம்பளம் பெறுபவர் கட்டும் வருமான வரியும் அவருடைய வருமானத்தில் இதே 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

இது விதிவிலக்கான குடும்பத்தின் கதையல்ல. 2023-24இல் மது விற்பனையிலிருந்து தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்த கலால் வரியும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து 45,855 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். குடிக்காவிட்டால் அந்த வரி இல்லையே, விரும்பிக் கட்டும் வரிதானே என்று சொல்வார்கள். குடிநோயை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிப்பவர் ஒருவராக இருந்தாலும் அந்த வரி எடுக்கப்படுவது வீட்டுச் செலவுக்கான பணத்திலிருந்து. அதைக் கட்டுவதில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த விருப்பமும் இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அதை இலவசம் என்று எள்ளி நகையாடுபவர்கள் மேலே உள்ள கணக்கை ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். குடிப்பவர் இல்லாத வீட்டில்கூட அந்தத் தொகை, அந்தக் குடும்பம் மாதாமாதம் சத்தமில்லாமல் கட்டிய வரிக்கு ஏறத்தாழச் சமம்.

ஏழைகளின் பக்கம் நிற்பதற்காக மிகையான எண்களையும் ஏற்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் ஆக்ஸ்பாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஜிஎஸ்டியில் 64 சதவீதம் அடித்தட்டு 50 சதவீத மக்களிடமிருந்து வருகிறது என்றும் உச்சியில் உள்ள 10 சதவீதத்தினரின் பங்கு 3 சதவீதம்தான் என்றும் கூறியது. மேடைகளிலும் நாடாளுமன்றத்திலும் இந்த எண் இன்றும் சுற்றி வருகிறது. இது நடக்க வாய்ப்பில்லை என்பதற்குப் பெரிய ஆய்வே தேவையில்லை. குறைவாகச் செலவழிக்கும் பாதிப் பேர் நாட்டின் மொத்தச் செலவில் பாதிக்குக் குறைவாகத்தான் செலவழிக்க முடியும். அவர்கள் செலவில் பெரும்பங்கு உணவுக்குப் போகிறது, உணவுக்கு ஜிஎஸ்டி குறைவு அல்லது இல்லை. அப்படியிருக்க வரியில் மட்டும் அவர்கள் பங்கு 64 சதவீதமாக உயர்வதற்கு வழியே இல்லை. தவறான எண்ணைக் கொண்டு நியாயமான வாதத்தைச் சொன்னால், எண் உடையும்போது வாதமும் சேர்ந்து உடைகிறது. ஏழைகள் கட்டும் மறைமுக வரி அவர்களுடைய வருமானத்தோடு ஒப்பிடும்போது கனமானது. அதைச் சொல்ல 64 சதவீதம் தேவையில்லை.

ஜிஎஸ்டியின் வீதங்களிலேயே பேச நிறைய இருக்கிறது. 2017 ஜூலை 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது பிஸ்கட்டுக்கு 18 சதவீதம், பீடிக்கு 28 சதவீதம், தங்கத்துக்கு 3 சதவீதம். கூலித் தொழிலாளி டீயில் நனைத்துச் சாப்பிடும் பிஸ்கட், நகையைவிட ஆறு மடங்கு வீதத்தில் வரி கட்டியது, எட்டு ஆண்டுகள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி வந்தபோது, ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. மொத்தமாக 26 கிலோ வாங்கப் பணம் வைத்திருப்பவருக்கு வரி இல்லாமல் போனது. ஐந்து கிலோ பையாக வாங்குபவர் தொடர்ந்து கட்டினார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு வீதங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலையெண்ணெய் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. மனமார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பெட்ரோல், டீசல், மது மூன்றும் இன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான் இருக்கின்றன. சாதாரணக் குடும்பத்தின் வரியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

தொழில்வரியையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988இல் வைத்த வரம்பு, அதன் பிறகு மாறவில்லை. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே முழுத் தொகையும் கட்ட வேண்டும். மாதம் 13,000 வாங்கும் கடைப் பணியாளரும் மாதம் 10 லட்சம் வாங்கும் நிறுவனத் தலைவரும் ஒரே தொழில்வரியைச் செலுத்துகிறார்கள்.

சம்பளக்காரர்களின் கோபத்துக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. அது பாய வேண்டிய திசைதான் வேறு. புதிய முறையில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30 சதவீதம். 50 லட்சத்தைத் தாண்டினால் அந்த வரியின்மேல் 10 சதவீதக் கூடுதல் வரி (சர்சார்ஜ்), ஒரு கோடியில் 15, இரண்டு கோடியில் 25. உச்சத்தில் ஒரு ரூபாய்க்கு 39 காசு வரியாகிறது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே டிடிஎஸ் பிடித்தாகிவிடுகிறது. மறைக்க வழியும் இல்லை. ஆண்டு வருமானம் 50 லட்சத்துக்கு மேல் காட்டியவர்கள் 2013-14இல் 1.85 லட்சம் பேர், 2023-24இல் 9.39 லட்சம் பேர் என்றும், வருமான வரியில் சுமார் 76 சதவீதம் இவர்களிடமிருந்தே வருகிறது என்றும் அரசு வட்டாரங்கள் தந்த கணக்கு சொல்கிறது. வருமான வரியை மட்டும் தனியே எடுத்தால் அது உண்மையிலேயே வளர்வீத வரிதான்.

ஆனால் இந்த ஏணி சம்பளத்துக்கும் தொழில் வருமானத்துக்கும் போடப்பட்டது. 50 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர் புதிய முறையில் சுமார் 11 லட்சம் ரூபாய் வரி கட்டுகிறார், 22 சதவீதம். அதே 50 லட்சத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை விற்று ஆதாயமாகப் பெற்றவர், வேறு வருமானம் இல்லையென்றால், ஏறத்தாழ 5.8 லட்சம் கட்டினால் போதும். பன்னிரண்டு சதவீதம்கூட இல்லை. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். 2024 ஜூலைக்கு முன்பு 10 சதவீதம்தான். கூடுதல் வரிக்கும் இங்கே 15 சதவீத வரம்பு உண்டு. எத்தனை நூறு கோடி ஆதாயமானாலும் வரி 15 சதவீதத்தைத் தொடாது. ஐந்து கோடி சம்பளம் வாங்கும் தலைமை நிர்வாகி, அந்த நிறுவனத்தின் முதலாளியைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் வரி கட்டும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பங்குதாரரின் லாபத்தில் நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டிவிட்டது, அதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும். அந்த வரி 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரே அறிவிப்பில் 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. கூடுதல் வரியும் மேல்வரியும் சேர்த்து 25.17 சதவீதம். அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று நிதியமைச்சரே மதிப்பிட்டார். 2018-19இல் நிறுவன வரி, தனிநபர் வருமான வரியைவிட இரண்டு லட்சம் கோடி அளவுக்கு அதிகமாக இருந்தது. 2024-25இல் நிறுவனங்கள் கட்டிய நிகர வரி 9.9 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு, மற்றவர்கள் கட்டியது 11.8 லட்சம் கோடி. சுமை நிறுவனங்களிடமிருந்து மனிதர்களிடம் நகர்ந்திருக்கிறது. மேலும், விற்காத பங்கின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும் வரி கிடையாது. பெரும் செல்வந்தர்கள் தங்கள் நிறுவனப் பங்குகளை விற்பதே அரிது.

அடுத்து, பரம்பரைச் சொத்து. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது 1953இல் வந்த எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது. 1957இல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் முடிவுக்கு வந்தது. அதில் 2013-14இல் வசூலானது வெறும் 1,008 கோடி ரூபாய் என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி காரணம் சொன்னார். வசூல் அவ்வளவு குறைந்ததற்கு முக்கியக் காரணம், 1993 முதல் பங்குகள் போன்ற நிதிச் சொத்துகள் அந்த வரியிலிருந்து விலக்கப்பட்டதுதான். செல்வந்தரின் செல்வம் எங்கே இருக்கிறதோ அதை விட்டுவிட்டு வீடு, நகை, கார் என்று தேடினால் வேறென்ன கிடைக்கும்? இன்று தந்தையிடமிருந்து 50 கோடிச் சொத்தைப் பெறும் மகனுக்கு அதன்மேல் வருமான வரி ஒரு ரூபாயும் இல்லை.

விவசாய வருமானமும் இதே வரிசையில் வருகிறது. அதன்மேல் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு மட்டுமே உண்டு, எந்த அரசும் அதைத் தீவிரமாகப் பயன்படுத்துவதில்லை. 1972இல் பொருளியலாளர் கே.என். ராஜ் தலைமையிலான குழு பெருநில உடைமைகளுக்கு வரி பரிந்துரைத்தும் ஏட்டோடு நின்றது. ஏழை விவசாயியைக் காக்கத்தான் இந்த விலக்கு என்பது ஏற்கத் தகாத வாதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. வரி விதித்தாலும் அவற்றை உழுபவர்களில் பெரும்பாலோர் 12 லட்ச வரம்பின் அருகில்கூட வரப்போவதில்லை. விலக்கால் பயன்பெறுவது பெருநிலக்காரர்களும், வேறு வருமானத்தை விவசாயக் கணக்கில் எழுதுபவர்களும்தான்.

2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் செல்வத்தில் 40.1 சதவீதமும் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாகப் பிரெஞ்சுப் பொருளியலாளர் தோமா பிக்கெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். வருமானத்தில் இருப்பதைவிடச் செல்வத்தில் குவிப்பு மிக அதிகம். நம் வரிகளோ வருமானத்தையும் செலவையும் தொடுகின்றன, செல்வத்தை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. எனவே வரிச்சுமையின் வரைபடத்தைப் போட்டால் கீழிருந்து நடுத்தரம் வரை ஏறத்தாழத் தட்டையாக ஓடி, 20 லட்சச் சம்பளத்துக்கு மேல் செங்குத்தாக ஏறி, பெரும் செல்வந்தரிடம் வரும்போது வளைந்து இறங்குகிறது என்பதே என் கணிப்பு.

உடனே வீதத்தை ஏற்றிவிடலாம் என்று சொல்லவும் தயக்கம் இருக்கிறது. 1973-74இல் வருமான வரியின் உச்ச வீதம், கூடுதல் வரியையும் சேர்த்து, 97.75 சதவீதமாக இருந்தது. காகிதத்தில் அதைவிடக் கடுமையான வளர்வீத வரி இருக்க முடியாது. விளைந்தது ஏய்ப்பும் கறுப்புப் பணமும். 1997இல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று வீதங்களைக் குறைத்தார். பிந்தைய ஆண்டுகளில் வசூல் வளர்ந்தது. சம்பளத்தின் மீதான வீதத்தை இன்னும் ஏற்றினால் ஏற்கெனவே பிடிபட்டவர்களையே மீண்டும் பிடிப்பதாகும். பங்கு ஆதாயத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது, மிகப்பெரிய பரம்பரைச் சொத்துகளுக்கு மட்டும் உயர்ந்த வரம்புடன் வரி விதிப்பது, எரிபொருளை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது ஆகியவற்றைத்தான் முதலில் விவாதிக்க வேண்டும். எரிபொருள் விஷயத்தில் மாநிலங்களின் அச்சம் நியாயமானது. அவற்றின் கையில் மிஞ்சியிருக்கும் சில வரிகளில் அதுவும் ஒன்று. மத்திய அரசு பெட்ரோலில் எடுப்பதில் பெரும்பகுதி, மாநிலங்களோடு பகிர வேண்டியிராத மேல்வரியாகவும் கூடுதல் வரியாகவும் இருக்கும்போது, மாநிலங்களை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்வது முறையல்ல.

இந்த விவாதம் நடப்பதற்கு முதலில் கணக்கு வேண்டும். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், குடும்பங்களை வருமான வாரியாக ஐந்து பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் நேரடி வரி எவ்வளவு, மறைமுக வரி எவ்வளவு கட்டுகிறது, அரசிடமிருந்து எவ்வளவு திரும்பப் பெறுகிறது என்று தொடர்ந்து வெளியிடுகிறது. ஏழை ஐந்திலொரு பகுதியினர் வருமான விகிதத்தில் பணக்காரர்களைவிட அதிக மறைமுக வரி கட்டுகிறார்கள் என்பது அங்கே அரசே ஒப்புக்கொண்ட எண். அமெரிக்காவில் நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் இதே வேலையைக் கூட்டாட்சி வரிகளுக்குச் செய்கிறது. இந்தியாவில் வருமான வரித்துறை வருமான வரம்பு வாரியாகப் புள்ளிவிவரம் தருகிறது. ஜிஎஸ்டியில் எந்தப் பிரிவினர் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று அரசு முறையாக வெளியிடுவதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2022-23லும் 2023-24லும் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புகள் நடந்துவிட்டன. குடும்ப வருமானத்துக்கென்றே தனிக் கணக்கெடுப்பு 2026இல் தொடங்கும் என்று புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. இரண்டையும் வரி வீதங்களோடு இணைத்தால் மேலே நான் கையால் போட்ட கணக்கை நாடு முழுவதற்கும் அரசே போட முடியும். அந்த அட்டவணை பட்ஜெட் ஆவணங்களோடு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதைக் கேட்க வேண்டிய முதல் இடம் நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு.